சோளமும் சுண்ணாம்பும்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்றைய பேச்சில் அவர்களுக்கு இடமில்லை. இரவுச் சந்தையில் நாம் அவித்ததாகவோ சுட்டதாகவோ வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மக்காச்சோளத்தின் வரலாற்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். நம் மலாய்க்கார அண்டை வீட்டார் ஜாகோங் என்கிறார்களே, அதே சோளம்தான்.

இந்தத் தானியம் தன் சொந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்களை நன்றாக வளர்த்தது. அதே தானியம் கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போனதும், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை இலட்சக்கணக்கில் நோயில் தள்ளியது. பின்னர் அறிஞர்களின் முயற்சியால் அது மறுபடியும் குழந்தைகளுக்கு உகந்த உணவாகத் திருத்தப்பட்டது. ஒரே தானியம் ஓரிடத்தில் அமுதமாகவும் மற்றோரிடத்தில் நோய்க்குக் காரணமாகவும் இருந்தது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், நம் வீட்டு அடுப்படியைப் பற்றியும் பயனுள்ள சில செய்திகள் நமக்குத் தெரியவரும்.

மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் பால்சாஸ் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் டெயோசிந்தே என்ற காட்டுப் புல் ஒன்று இன்றும் வளர்கிறது. ஒரு கதிருக்குப் பத்துப் பன்னிரண்டு மணிகளே இருக்கும். அவையும் கல்போன்ற ஓட்டுக்குள் கிடக்கும். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு அப்பகுதி மக்கள் இந்தப் புல்லின் நல்ல மணிகளைப் பொறுக்கி விதைக்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து விதைத்ததன் பலனாகவே நாம் இன்று காணும் பருத்த சோளக்கதிர் உருவாயிற்று. காட்டுப் புல்லைச் சோளமாக்கிய அந்த உழவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அவர்கள் பயிரைத் திருத்தியதோடு நிற்கவில்லை. அதைச் சமைக்கும் முறையையும் கண்டுபிடித்தார்கள். முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஓர் இரவு முழுவதும் அதிலேயே ஊறவிடுவார்கள். சுண்ணாம்பு கிடைக்காத இடத்தில் விறகுச் சாம்பல் கலந்த நீர். நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிக்கொள்ளும் சுண்ணாம்பும் அதுவும் ஒரே பொருள்தான். காலையில் பார்த்தால் மேல்தோல் கழன்றிருக்கும். நன்றாகக் கழுவி, சரிவான கல்லில் வைத்துக் குழவியால் அரைப்பார்கள். அந்தக் கல்லைப் பார்த்தால் நம் அம்மியின் நினைவு வரும். அரைத்த மாவை மெல்லிய ரொட்டியாகத் தட்டிச் சுட்டு உண்பார்கள். குறைந்தது 3,000 ஆண்டுகளாக அந்த மக்கள் இவ்வாறு செய்து வந்திருக்கிறார்கள்.

எதற்காகச் சுண்ணாம்பு? தோல் எளிதில் கழலும், மாவு நன்றாக ஒட்டும், ரொட்டி சுவையாக இருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரிந்த காரணம். ஆனால் அதில் வேறொரு பெரிய நன்மையும் இருந்தது. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் சத்து இருக்கிறது. அது இருந்தும், நம் குடலால் எடுத்துக்கொள்ள முடியாதபடி வேறு பொருள்களோடு கட்டுண்டு கிடக்கிறது. பெட்டியில் பணம் இருந்தும் சாவி இல்லாத வீட்டுக்காரனின் நிலைதான். சுண்ணாம்பு நீரில் வெந்து ஊறும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. அத்துடன் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கால்சியமும் சேருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் சோளத்தைத் தனியாக விதைக்கவில்லை. சோளத்தட்டையைப் பற்றிக்கொண்டு அவரைக்கொடி ஏறும். கீழே பூசணிக்கொடி தரையை மூடிக் களையை அடக்கும். நிலத்தில் ஒன்றாக வளர்ந்தவை தட்டிலும் ஒன்றாகவே வந்தன. சோளத்தின் புரதத்தில் லைசின், டிரிப்டோஃபான் என்ற இரண்டு கூறுகள் மிகக் குறைவு. அவரை, பயறு வகைகளில் லைசின் நிறைய உண்டு. ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது. ஆய்வுக்கூடம் ஏதுமில்லாத காலத்தில், அனுபவத்தால் மட்டுமே அமைந்த உணவுமுறை இது.

1492ஆம் ஆண்டு கொலம்பஸ் கடல் கடந்து போனபோது, அவருடைய ஆட்கள் கியூபாத் தீவில் முதன்முதலாகச் சோளத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அதன் விதைகள் ஸ்பெயினுக்கு வந்துவிட்டன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை ஆப்பிரிக்கக் கரைகளுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுசென்றார்கள். விதைத்த மூன்று நான்கு மாதங்களில் பலன் தரும். கோதுமையைவிட அதிகமாக விளையும். ஆகவே ஏழை உழவர்கள் அதை விரும்பிப் பயிரிட்டார்கள்.

மாலுமிகள் விதையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அதைச் சமைக்கத் தெரிந்த பெண்கள் மெக்சிகோவிலேயே இருந்தார்கள். அவர்களிடம் போய், "அம்மா, இதை எப்படி ஆக்குகிறீர்கள்?" என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஐரோப்பாவில் நீரால் சுழலும் மாவு ஆலைகள் இருந்தன. கெட்டியான தோலை ஆலையே நொறுக்கிவிடும்போது சுண்ணாம்பில் ஊறவைக்கும் வேலை எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இப்படித் தானியம் மட்டும் கப்பலேறியது. சமையல்முறை கரையிலேயே நின்றுவிட்டது.

அதன் விளைவு மெல்ல மெல்லத் தெரிந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் 1735ஆம் ஆண்டில் ஒரு புதிய நோயைக் குறித்துவைத்தார். வெயில் படும் கைகளிலும் கால்களிலும் கழுத்தைச் சுற்றியும் தோல் சிவந்து, கறுத்து, உரியும். பின்பு வயிற்றுப்போக்கு, அதன்பின் புத்தி தடுமாறும், முடிவில் மரணம். அந்த நோயாளிகள் மிகவும் வறியவர்கள், அவர்களுக்குச் சோளமே முக்கிய உணவு என்பதையும் அவர் கண்டறிந்தார். 1771இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ பிராப்போலி இந்நோயைப் பெல்லாக்ரா என்ற பெயரால் எழுதினார். சொரசொரப்பான தோல் என்பது அதன் பொருள்.

வட இத்தாலியில் நிலமற்ற உழவர்கள் காலையும் மாலையும் பொலெந்தா என்ற சோளக்களியையே தின்று வாழ்ந்தார்கள். இறைச்சியும் பாலும் நிலவுடைமையாளர் வீட்டுக்குப் போயின. 1881ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் அந்நாட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெல்லாக்ராவால் துன்புற்றது தெரியவந்தது. கெட்டுப்போன சோளத்தில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று சிலர் வாதிட்டார்கள். தொற்றுநோய் என்றனர் வேறு சிலர். உண்மை தெரிய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த உண்மையைத் தேடிய ஒருவரின் கதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் பெயர் ஜோசப் கோல்ட்பெர்கர். ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் 1874இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பெற்றோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடியேறி, நியூயார்க்கில் சிறிய மளிகைக் கடை நடத்தினார்கள். மகன் படித்து மருத்துவராகி, அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெல்லாக்ரா காட்டுத்தீப்போல் பரவியிருந்தது. அங்கே பருத்திதான் எல்லாம். நிலச் சொந்தக்காரர்கள் வீட்டு வாசல்வரை பருத்தி நடச் சொன்னார்கள். காய்கறிக்கு ஒரு பாத்தி நிலம்கூட விடாத இடங்களும் இருந்தன. குத்தகை உழவர்களும் நூல் ஆலைத் தொழிலாளர்களும் கடனுக்குப் பொருள் வாங்கி வாழ்ந்தார்கள். சோளமாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு ஆகிய மூன்றுமே அன்றாடச் சாப்பாடு. போதாதற்கு, அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய எந்திரங்கள் வந்தன. மாவு நாள்பட இருந்தாலும் கெடாதபடி சோளத்தின் முளைப்பகுதியை அவை நீக்கிவிட்டன. அதோடு இருந்த கொஞ்சநஞ்சச் சத்தும் போயிற்று.

1914இல் கோல்ட்பெர்கர் இந்த நோயை ஆராய அனுப்பப்பட்டார். அவர் மனநல விடுதிகளையும் அனாதை இல்லங்களையும் சுற்றிப் பார்த்தார். நோயாளிகளோடு இரவும் பகலும் பழகும் தாதியருக்கும் பணியாளருக்கும் இந்நோய் வரவில்லை. தொற்றுநோய் ஆள் பார்த்து ஒட்டுமா என்று அவர் எண்ணினார். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகர அனாதை இல்லத்தில் ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளே பெரும்பாலும் நோயுற்றிருந்தார்கள். சிறு குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. வேலை செய்யும் பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி கிடைத்தது. நடுவில் இருந்தவர்களுக்குச் சோளக்கூழும் பாகும்தான். கோல்ட்பெர்கர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால், முட்டை, இறைச்சி, அவரை, பயறு கொடுக்க ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டில் அங்கே பெல்லாக்ரா ஏறக்குறைய அடியோடு மறைந்துவிட்டது.

1915இல் அதே மாநிலத்தின் சிறைப் பண்ணையில் அவர் இன்னொரு சோதனையும் நடத்தினார். விடுதலை அளிப்பதாக ஆளுநர் உறுதி கூறியதன் பேரில் கைதிகள் சிலர் முன்வந்தார்கள். அவர்களுக்குச் சோளக்கூழ், வெள்ளை மாவு ரொட்டி, அரிசி, சீனிப்பாகு போன்றவையே கொடுக்கப்பட்டன. சுமார் ஆறு மாதத்தில் 11 பேரில் 6 பேருக்குப் பெல்லாக்ரா கண்டது. விடுதலையை ஆசைகாட்டிக் கைதிகளை நோயாளிகளாக்கும் சோதனையை இன்று எந்த நாட்டு மருத்துவ நெறியும் ஏற்காது. ஆயினும் நோய்க்குக் காரணம் உணவே என்பது அதனால் தெளிவாயிற்று.

அப்போதும் மருத்துவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 1916இல் கோல்ட்பெர்கர் தம் உடலையே சோதனைக்குக் கொடுத்தார். பெல்லாக்ரா நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். நோயாளிகளின் தோற்செதிள்களையும் கழிவுகளையும் மாவில் உருட்டி விழுங்கினார். தோழர்களும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். அவர் மனைவி மேரியும் நோயாளியின் இரத்தத்தை ஊசிவழி ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

நேயர்களே, அவருடைய அடுத்த ஆராய்ச்சிதான் நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்களின் உள்ளத்தைத் தொடுவது. எட்கர் சிடென்ஸ்டிரிக்கர் என்ற புள்ளியியல் வல்லுநரோடு சேர்ந்து, தென் கரோலினா மாநிலத்தின் ஏழு நூல் ஆலைக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். எந்த வீட்டில் என்ன வருமானம், என்ன சமையல், யாருக்கு நோய் என்று பதிந்தார். வருமானம் குறையக் குறையப் பெல்லாக்ரா கூடியது. ஒரு கறவை மாடு இருந்த வீட்டிலும், காய்கறி எளிதில் கிடைத்த ஊரிலும் நோய் குறைவாக இருந்தது. நோயின் வேர் வறுமை என்று அவர் எழுதினார். எங்கள் மாநிலத்தை இழிவுபடுத்துகிறார் என்று தென்மாநில அரசியல்வாதிகள் சிலர் கோபித்தார்கள்.

ஈஸ்ட் என்னும் மலிவான பொருளால் நோயைத் தடுக்கலாம் என்றும் கோல்ட்பெர்கர் கண்டுபிடித்தார். 1927இல் மிசிசிப்பி ஆற்றுப் பெருவெள்ளத்தில் மக்கள் வீடிழந்து நின்றபோது, செஞ்சிலுவைச் சங்கம் அந்த ஈஸ்டை வழங்கியது. 1929இல் அவர் காலமானார். விடுபட்ட சத்தின் பெயர் என்ன என்று தெரியாமலே அவர் கண்மூடினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1937இல், கான்ராட் எல்வெஜெம் என்ற அறிஞர் அது நிக்கோட்டினிக் அமிலம் என்று கண்டார். இதுவே நியாசின். மெக்சிகோப் பெண்கள் சுண்ணாம்பு நீரால் விடுவித்துவந்த அதே சத்து! அதற்குள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 இலட்சம் பேர் நோயுற்று, ஓர் இலட்சம் பேர் வரை இறந்துவிட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

இதைக் கேட்கும்போது, எங்கோ தூர தேசத்துக் கதை என்று தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் நம் மலாயாவிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. இங்கே சோளத்தின் இடத்தில் அரிசி இருந்தது. பெல்லாக்ராவின் இடத்தில் பெரிபெரி இருந்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் நோய் அது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் ஏராளமாக மாண்டார்கள். அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கோ பெரிபெரி அரிதாகவே வந்தது.

நெகிரி செம்பிலான் மாநில அறுவை மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் ஒரு நூல் எழுதினார். சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. அதே ஆண்டு பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் என்னுமிடத்தில், சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேரிடம் சோதனை தொடங்கினார்கள். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசி, மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசி. சில மாதங்களில் பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி கண்டது. புழுங்கலரிசி உண்டவர்கள் நலமாக இருந்தார்கள்.

காரணம் பின்னர் விளங்கியது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, மேல்தோலில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. நம் முன்னோர் வைட்டமின் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் கடல் கடந்து வந்தபோது நெல்லை அவிக்கும் பழக்கத்தின் பலனையும் கூடவே கொண்டுவந்தார்கள். அது அவர்கள் உயிரைக் காத்தது. சோளத்துக்குச் சுண்ணாம்பு என்னவோ, நெல்லுக்கு அவியல் அதுதான்.

இப்பொழுது சோளத்தின் கதைக்குத் திரும்புவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா என்று அழைக்கப்படும் நாடு அந்நாளில் தங்கக் கடற்கரை என்ற பெயரோடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கும் சோளமே மக்களின் உணவு. 1929 முதல் அங்கே பணியாற்றியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். ஜமைக்காத் தீவில் பிறந்தவர். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் கைகால் வீங்கி, முடி நிறம் மாறி, எதிலும் விருப்பமில்லாமல் சோர்ந்து கிடப்பதை அவர் கண்டார். 1933இல், சோள உணவோடு தொடர்புடைய குழந்தை நோய் என்று அதைப் பற்றி எழுதினார். 1935இல் அந்த ஊர்த் தாய்மார்கள் வழங்கிய பெயரையே மருத்துவ உலகத்துக்கு அளித்தார். குவாஷியோர்கர் என்பது அந்தப் பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து.

எவ்வளவு பொருள் பொதிந்த பெயர் பாருங்கள்! தாய்ப்பாலை விட்ட பிள்ளைக்குக் கிடைத்தது தண்ணீராய்க் கரைத்த சோளக்கஞ்சி மட்டுமே. வயிறு நிறைந்தது, உடல் வளரத் தேவையானது கிடைக்கவில்லை. புரதக் குறைவே முழுக் காரணம் என்று நெடுங்காலம் கருதினார்கள். அடிக்கடி வரும் தொற்றுநோய்களும் பிற சத்துக் குறைகளும் சேர்ந்தே இந்நிலையை உண்டாக்குகின்றன என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அந்த சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் ஏழைக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பால் கொடுக்கப்படுவதையும், அதனால் அவர்கள் இறப்பதையும் அவர் பார்த்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசி, இந்த விளம்பரங்களை வெளிப்படையாகக் கண்டித்தார். ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி சிறையில் அடைபட்டுத் துன்புற்றார். பின்னர், 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். ஆப்பிரிக்காவின் சோளக்கஞ்சியிலும் சிங்கப்பூரின் டின் பாலிலும் அவர் கண்ட ஆபத்து ஒன்றே: வயிற்றை நிரப்பி, சத்தைத் தராத உணவு.

சோளத்தையே நம்பி வாழும் கோடிக்கணக்கான ஏழைகளை, இனிமேல் சோளம் உண்ணாதீர்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் சோளத்தையே திருத்த முடியுமா என்று அறிஞர்கள் சிந்தித்தார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், நெல்சன் ஆகியோர் ஒரு வகைச் சோளத்தில் லைசின் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதைக் கண்டு 1964இல் அறிவித்தார்கள். உலகமே மகிழ்ந்தது. ஆனால் உழவர்கள் மகிழவில்லை. அந்தச் சோளம் மாவுபோல் மென்மையானது, விளைச்சல் குறைவு, பூச்சி எளிதில் பிடித்தது. சத்து இருந்தென்ன, களஞ்சியத்தில் தங்காத தானியத்தை யார் விதைப்பார்கள்?

இங்கேதான் இருவரின் பொறுமை உலகுக்குப் பயன்பட்டது. மெக்சிகோவில் உள்ள அனைத்துலகச் சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்தில் சுரிந்தர் வாசல் என்ற இந்தியரும் எவாஞ்செலினா வில்லேகாஸ் என்ற மெக்சிகோப் பெண்மணியும் 1970களின் தொடக்கத்திலிருந்து சேர்ந்து உழைத்தார்கள். அவர் பயிர்களை இணைத்து வளர்த்தார். அம்மையார் ஆய்வுக்கூடத்தில் மணி மணியாகச் சோதித்தார். ஆண்டுகள் பல கழிந்தபின், சத்தும் குறையாமல், மணியும் கெட்டியாக, விளைச்சலும் நன்றாக உள்ள புரதச் சோளம் உருவானது. 2000ஆம் ஆண்டில் இருவருக்கும் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

கானா நாட்டில் இத்தகைய சோளவகை ஒன்று 1992இல் வெளியிடப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ஒபாடன்பா. நல்ல தாய் என்பது அதன் பொருள். மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளையின் நோய்க்குப் பெயர் தந்த அதே நாடு, புதிய சோளத்துக்கு நல்ல தாய் என்று பெயர் வைத்தது.

அடுத்து நிறத்தின் கதை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கப் பகுதி நாடுகளில் மக்கள் வெள்ளைச் சோளத்தையே விரும்புவார்கள். மஞ்சள் சோளம் பஞ்ச காலத்தில் நிவாரணமாக வந்தது, கால்நடைக்குப் போடுவது, ஆகவே மதிப்புக் குறைந்தது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமினாக மாறும் சத்து வெள்ளைச் சோளத்தில் இல்லை. 2012இல் ஜாம்பியா நாட்டில் அச்சத்து நிறைந்த ஆரஞ்சு நிறச் சோளவகைகள் மூன்று வெளியிடப்பட்டன. வெள்ளையும் மஞ்சளும் அல்லாத புது நிறமாக இருந்ததால், பழைய வெறுப்பு அதன்மேல் ஒட்டவில்லை. மக்கள் அதை உண்டு பார்த்து ஏற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவு அறிவு வளர்ந்த பின்னும் பெல்லாக்ரா ஒழிந்துவிட்டதா? இல்லை. 1990இல், போருக்கு அஞ்சி மொசாம்பிக்கிலிருந்து மலாவிக்கு ஓடிவந்த அகதிகளில் 18,000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டது. முகாம்களில் சோளம் கொடுத்தார்கள். அதோடு கொடுத்துவந்த நிலக்கடலை தடைப்பட்டுப் போனது. நிலக்கடலையில் நியாசின் நிறைய உண்டு. ஒரு கைப்பிடிக் கடலை நின்றதால் பதினெட்டாயிரம் பேர் படுத்தார்கள் என்றால், துணை உணவின் அருமையை வேறு எப்படிச் சொல்வது?

சரி, இதனால் நமக்கு என்ன பயன்?

நம் நாட்டில் எவரும் சோளத்தை மட்டும் உண்டு வாழ்வதில்லை. ஆகவே நமக்குப் பெல்லாக்ரா பயம் வேண்டாம். சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைக்கும் முயற்சியும் வேண்டாம். அதற்கு அளவும் பழக்கமும் தேவை. ஆனால் ஒரே உணவை நம்பும் ஆபத்து நம் வீடுகளிலும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று வயிறு வளர்த்த பெரியவர்கள், அதன் வேதனையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். இன்று பஞ்சம் இல்லை. இருந்தும் வெள்ளைச் சோறும் குழம்பும், அல்லது ரொட்டியும் இனிப்புப் பானமும் என்று ஒரே வழியில் போகும் வீடுகள் இருக்கின்றன. காலையில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வந்த பிள்ளை, பத்து மணிக்கு மேசைமீது தலை சாய்ப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது.

தாய்மார்களே, சோளத்தை நல்ல துணையோடு பயன்படுத்துங்கள். அவித்து உதிர்த்த சோளத்தைப் பச்சைப்பயறோடும் தேங்காய்த் துருவலோடும் தாளித்தால் அருமையான சுண்டல். சோளக்கஞ்சியில் பருப்பும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் போடுங்கள். நெத்திலி சேர்த்தால் இன்னும் நல்லது. சோளமும் முட்டையும் சேர்ந்த சூப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். அதற்குப் பிறகு தாய்ப்பாலுடன் கொடுக்கும் கஞ்சி எதுவானாலும், அதில் பருப்போ மீனோ முட்டையோ மசித்துச் சேர்க்கப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கடையில் சோளமாவு என்று விற்கும் வெள்ளைவெளேரென்ற நைஸ் பொடி, குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படுவது. அது சோளத்தின் மாவுச்சத்து மட்டுமே. புரதமும் வைட்டமினும் அதில் கிட்டத்தட்ட இல்லை. அதைக் கரைத்துக் குழந்தைக்குக் கஞ்சியாகக் கொடுக்காதீர்கள். முழுச் சோளத்தை அரைத்த மாவு மஞ்சளாக, சற்றுக் கரகரப்பாக இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் நாலடி நிலம் இருந்தால் பிள்ளைகளைக் கொண்டே பத்துச் சோளவிதைகளை ஊன்றச் சொல்லுங்கள். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு காராமணி விதையை நடட்டும். கொடி சோளத்தட்டையைப் பிடித்து ஏறும்போது, மெக்சிகோ உழவர்கள் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்த வேளாண்மையை நம் பிள்ளைகள் கண்ணாரக் காண்பார்கள். இரண்டும் காய்த்ததும் ஒரே பானையில் அவித்துக் கொடுங்கள்.

புதிய உணவு எதுவும் நம் வீட்டுக்கு வரும்போது, அதை முதலில் விளைவித்தவர்கள் எப்படிச் சமைத்தார்கள், எதனோடு சேர்த்து உண்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பாட்டிமார் வைத்திருக்கும் சமையல் பழக்கங்களையும், பழையது என்று தள்ளுமுன் ஏன் என்று கேளுங்கள். மெக்சிகோவின் பெண்களை அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாததற்கு உலகம் இருநூறு ஆண்டுகள் விலை கொடுத்தது.